வரலாற்றுப் புதினமும் வாசகர் எதிர்வினையும்: குஜிலியம்பாறை வட்டாரத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வரலாற்றுப் புதினங்கள் குறித்த ஆய்வுகள் நூலையும் ஆசிரியரையும் வரலாற்றுச் சான்றுகளையும் மையமிட்டே அமைந்துள்ளன. அப்புதினங்களை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாழவைத்த வாசகரின் எதிர்வினை, ஆய்வுப் பொருளாக உரிய இடம் பெறவில்லை. தொடர்கதைக் காலத்து வாசகத் தலைமுறை மறைந்துவரும் இந்நிலையில், அவர்தம் எதிர்வினைகளைத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமை என இக்கட்டுரை வலியுறுத்துகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறை வட்டாரம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், வாசகர் எதிர்வினை, மெய்ப்பாடு, கல்கி, தொடர்கதை, பாளையம், வட்டார வாசிப்பு

முன்னுரை

திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்றுப் புதினமாகக் கருதப்படுகிறது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அந்நூலுக்குப் பின்னர் இவ்வகைமை பெருவழக்குப் பெற்றது கல்கியின் எழுத்துகளால்தான். ‘பார்த்திபன் கனவு’ (1941–43), ‘சிவகாமியின் சபதம்’ (1944–46), ‘பொன்னியின் செல்வன்’ (1950–54) ஆகிய மூன்றும் ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்து, போரையும் வீரப் பயணத்தையும் விரும்பிப் படிக்கும் பெருங்கூட்டத்தைத் தமிழகத்தில் உருவாக்கின. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’, ‘யவன ராணி’ முதலியன அக்கூட்டத்தை மேலும் பெருக்கின.

இந்நூல்களைப் பற்றிய ஆய்வேடுகளுக்குத் தமிழ்த்துறைகளில் குறைவில்லை. பாத்திரப் படைப்பு, கதைக்கோப்பு, வருணனைத் திறன், புதினச் செய்திகளைக் கல்வெட்டோடும் செப்பேட்டோடும் ஒப்பிடுதல் ஆகியவை அவற்றின் வழக்கமான இயல்களாகும். இவ்வாய்வுகளின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் ‘இந்நூலைப் படித்தவருக்கு என்ன நேர்ந்தது?’ என்னும் வினாவுக்கு அவ்வியல்களில் விடை கிடைப்பதில்லை. அந்த வினாவை ஆய்வுக்குரியதாக ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கட்டுரையாளர் குஜிலியம்பாறை வட்டாரத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள வாசகர்களிடம் நெடுங்காலம் கேட்டுவந்த பேச்சுகள் இக்கருத்துகளுக்குத் தூண்டுகோலாயின. அவை இங்கு முறையான கள ஆய்வின் முடிவுகளாக முன்வைக்கப்படவில்லை. அத்தகைய கள ஆய்வு ஏன் வேண்டும் என்பதை விளக்குவதற்கே பயன்படுத்தப்படுகின்றன.

நூலுக்குள் பதிவான எதிர்வினை

வாசகர் எதிர்வினை நூலுக்குப் புறம்பானது என்னும் எண்ணத்தைப் ‘பொன்னியின் செல்வ’னின் இறுதிப் பக்கங்களே மறுக்கின்றன. தொடர் நிறைவுற்றதும் வாசகர் பலர் முடிவு குறித்து மனநிறைவின்மையைத் தெரிவித்தனர். கதைமாந்தர் சிலரின் பிற்கால வாழ்வு என்னவாயிற்று என்று வினவினர். கல்கி அவ்வினாக்களைப் புறந்தள்ளவில்லை. அவற்றுக்கு விடைகூறும் வகையில் ஒரு முடிவுரை எழுதினார். கதைமாந்தரின் பின்னாளைய நிலையைச் சுருங்கச் சொல்லி, சமூகக் கதையின் முடிவுக்கும் வரலாற்றுக் கதையின் முடிவுக்கும் உள்ள வேற்றுமையையும் விளக்கினார். அம்முடிவுரை இன்றும் நூலின் ஒரு பகுதியாகவே அச்சாகிவருகிறது.

இதனை நாம் உரிய கவனத்துடன் நோக்கவில்லை. ஒரு பெரும்புதினத்தின் கடைசிப் பக்கங்களை எழுதுவித்தவர்கள் பெயரறியா வாசகர்கள். வாரந்தோறும் காத்திருந்து படித்த அவர்கள், கதை தமக்குக் கடன்பட்டிருப்பதாகக் கருதினர். ஆசிரியரும் அக்கடனை ஒப்புக்கொண்டார். தொடர்கதை என்னும் வடிவத்தின் இயல்பே இவ்வுறவில்தான் உள்ளது. முழு நூலை ஒரே மூச்சில் படிப்பவரின் அனுபவமும், மூன்றரை ஆண்டுகள் வாரம் ஓர் இயலாகப் படித்தவரின் அனுபவமும் ஒன்றாகா. இரண்டாமவர் கதையோடு தம் வாழ்விலும் மூன்றரை ஆண்டுகளைக் கடந்திருக்கிறார். அதற்குள் அவர் வீட்டில் ஒரு திருமணம் நடந்திருக்கலாம். ஓர் இறப்பும் நேர்ந்திருக்கலாம். புதினத்தின் நிகழ்ச்சிகள் அவற்றோடு பின்னிக்கொண்டே நினைவில் தங்குகின்றன.

ஆதித்த கரிகாலன் கொலை மற்றோர் எடுத்துக்காட்டு. ‘அவனைக் கொன்றவர் யார்?’ என்னும் வினாவைப் புதினம் எழுப்பியது. அவ்வினா வாசகரைப் புதினத்துக்கு வெளியே அனுப்பியது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி இன்று கல்வெட்டியல் பயிலாத பலரும் அறிந்திருப்பதற்கும், அக்கொலை குறித்துக் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரும் கொண்ட கருத்து வேறுபாட்டைத் தேடிப் படிப்பதற்கும் அப்புதினமே காரணம். கற்பனை நூல் ஒன்று சான்றுகளை நோக்கி வாசகரைச் செலுத்திய இந்நிகழ்வு, புதினம் வரலாற்றைத் திரிக்கிறது என்னும் பொதுக் குற்றச்சாட்டோடு சேர்த்து எண்ணத்தக்கது.

வறண்ட நிலத்தில் பொன்னி

வாசிப்பு ஓர் இடத்தில் நிகழ்கிறது. ஒரே நூல் வெவ்வேறு நிலத்தில் வெவ்வேறாகப் படிக்கப்படும். ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கன்று நீர் நிறைந்து ததும்பும் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. தஞ்சை வாசகருக்கு அது தம் ஊர்க் காட்சி. குஜிலியம்பாறை வாசகருக்கோ அது வேறோர் உலகம். வடக்கே கரூர்ப் பக்கம் காவிரி ஓடினாலும், அந்நீர் இவ்வட்டாரத்துக்கு உரியதன்று. மானாவாரி நிலமும் ஆழக் கிணறும் முருங்கையும் சோளமும் கண்டு வளர்ந்தவர்கள் இங்குள்ள வாசகர்கள். அவர்களிடம் அப்புதினத்தில் முதலில் நினைவுக்கு வருவது எது என்று கேட்டால், வந்தியத்தேவனின் வாள் என்பதற்கு முன் அந்த ஏரியின் நீர்ப்பரப்பைச் சொல்பவர் உண்டு. போர்ப் புதினம் எனப்படும் நூல் இங்கு நீரின் நூலாகவும் படிக்கப்பட்டிருக்கிறது.

இது வெறும் ஏக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. மறவன் எத்திசையிலும் குதிரையில் செல்லலாம். ஆயின் நாட்டின் வலிமை நீர்நிலையில் இருக்கிறது என்பதை வறண்ட நிலத்து வாசகர் எளிதில் கண்டுகொள்கிறார். வருணனைத் திறன் என்னும் தலைப்பின்கீழ் ஆய்வேடுகள் தொகுக்கும் அதே பகுதி, இவ்வாசகரிடம் அரசியல் பொருள் பெறுகிறது. நூலை மட்டும் நோக்கும் ஆய்வுக்கு இப்பொருள் புலப்படாது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். வந்தியத்தேவன் வாணர் குலத்தவன் எனினும், ஆள நாடற்றவன். அறிவும் துணிவுமே அவன் உடைமை. ஜார்ஜ் லூகாச் தம் ‘வரலாற்றுப் புதினம்’ (1937) என்னும் நூலில், வால்ட்டர் ஸ்காட்டின் தலைமக்கள் பேரரசர்களாக இராமல் நடுத்தர நிலையினராக இருப்பதையும், அதனால் அவர்கள் எதிரெதிர் முகாம்களுக்கிடையே சென்றுவர இயல்வதையும் சுட்டினார். வந்தியத்தேவனுக்கும் அது பொருந்தும். வேலை தேடிக் கரூருக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறிய இளைஞர், அரியணைக்கு உரிமையற்ற இம்மாந்தனைத் தம்முள் ஒருவனாகக் கொண்டதில் வியப்பில்லை. அருள்மொழிவர்மரை அவர்கள் வணங்கினர். வந்தியத்தேவனோடு உடன் சென்றனர். இவ்விரு எதிர்வினைகளும் வேறானவை என்பதை நம் திறனாய்வு பிரித்துக் காட்டவில்லை.

பெருமிதமும் இழவும்

போர்ப் புதினத்தின் வாசகர் பெருமித மயக்கத்தில் ஆழ்ந்தவர் என்பது பரவலான மதிப்பீடு. சமூகவியல் நோக்குத் திறனாய்வு இவ்வகைமையைக் கனவுலகத் தப்பித்தல் என்றே பெரிதும் கண்டது. இம்மதிப்பீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பழங்கால மன்னர்களைத் தம் சாதிக்குரியவர்களாக உரிமை கொண்டாடும் சுவரொட்டிகளை இன்று எந்த ஊரிலும் காணலாம். புதினம் ஊட்டிய பெருமிதம் அதற்கு எண்ணெய் வார்த்ததை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் பெருமிதம் ஒன்றே வாசகர் பெறுவது எனக் கொள்வது தமிழ் இலக்கண மரபுக்கே பொருந்தாது. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டெனக் கொள்கிறது. கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள். அவற்றுள் தறுகண் ஒன்றே போர்க்களத்துக்குரியது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகையின் நிலைக்களன்கள். போர் இவை நான்கனையும் ஒருங்கே தருவது. இளம்பூரணர் உரை, நடிப்போனிடம் நிகழ்வது காண்போரிடம் சென்றெய்துவது பற்றிய பழைய கருத்தையும் எடுத்தாள்கிறது. காண்போர் உள்ளத்தை இலக்கணத்துக்குள் கொண்டுவந்த மரபு நம்முடையது. அம்மரபைப் பாடமாக நடத்தும் துறைகள் வாசகர் உள்ளத்தை ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகக் கருதுவது முரண்பாடாகும்.

நம் போர் இலக்கியம் இழப்பை மறைத்ததுமில்லை. புறத்திணையில் வெற்றிப் பாடல்களோடு கையறுநிலையும் உள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் அரசர்க்காக எழுப்பப்பட்டவை அல்ல. ஆநிரைப் பூசல் போன்றவற்றில் மாண்ட ஊர் மக்களுக்காக நிறுத்தப்பட்டவை. கலிங்கத்துப்பரணி கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாடினாலும், களத்தை நமக்குக் காட்டுவன பேய்கள். பிணங்களின் நடுவே அவை கூழ் அடுகின்றன. அதே கருணாகரனைத் தலைவனாகக் கொண்ட ‘கடல் புறா’வில் கப்பலும் சூழ்ச்சியும் காதலும் உண்டு, பரணியின் அந்தக் கூழ்ப்பானைக்கு அங்கு இடமில்லை. மரபு காட்டிய ஒன்றைத் தொடர்கதை விட்டுவிட்டது. விட்ட இடத்தை வாசகர் எவ்வாறு நிரப்பினார் என்பதே நாம் கேட்க வேண்டியது.

நிரப்பினார் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ‘சிவகாமியின் சபத’த்தைப் படித்த பெண்கள் பலரிடம் வாதாபி வெற்றியைப் பற்றிய களிப்பைவிட, ஒருத்தியின் சபதத்துக்காக ஒரு நகரமே எரிந்ததே என்னும் உறுத்தலும், வெற்றிக்குப் பின்னும் சிவகாமிக்கு வாழ்வு கிட்டவில்லையே என்னும் துயரமுமே நிலைத்திருப்பதைக் கேட்டிருக்கிறேன். குஜிலியம்பாறை வட்டாரத்தில் பீடி சுற்றியபடி மற்றவர் வாசிக்கக் கேட்டே அப்புதினத்தை அறிந்த முதியவர் ஒருவர், போருக்குப் போன படைவீரரின் குடும்பங்களுக்கு யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று கேட்டார். நூலில் அதற்கு விடையில்லை. ஆனால் அவ்வினா நூலால் பிறந்தது. தப்பித்தல் என்று பெயரிடப்பட்ட வாசிப்பு இத்தகைய வினாவில் முடியுமாயின், அப்பெயர் மறுபரிசீலனைக்கு உரியது.

‘பொன்னியின் செல்வன்’ தன் ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ எனப் பெயர் கொண்டிருப்பதும் நோக்கத்தக்கது. தமிழரின் பெரும்போர்ப் புதினமாகப் போற்றப்படும் இந்நூலில் பெரும்போர்க்கள வருணனை ஏதும் மையத்தில் இல்லை. கிடைத்த மணிமகுடத்தை ஒருவன் மற்றொருவனுக்கு விட்டுக்கொடுப்பதே அதன் உச்சம். உடன்பிறந்தாரிடையே பாகப்பிரிவினை வழக்குகள் தலைமுறை கடந்து நடக்கும் ஊர்களில் அக்காட்சி எவ்வாறு படிக்கப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது.

பாளையம் என்னும் பெயர்

குஜிலியம்பாறையை ஒட்டிய ஊரின் பெயர் பாளையம். கரூர்–திண்டுக்கல் இருப்புப்பாதையில் நிலையமாகவும் அப்பெயர் விளங்குகிறது. படை தங்குமிடம், பாளையக்காரரின் ஆட்சிப் பகுதி என்னும் பொருள்களை உடைய அச்சொல்லை நாள்தோறும் வழங்குபவர்கள், அது போரிலிருந்து வந்த சொல் என்பதை நினைப்பதில்லை.

இந்நிலத்தின் போர் வரலாறு சிறியதன்று. திண்டுக்கல் மலைக்கோட்டை நாயக்கர், மைசூரார், கிழக்கிந்தியக் கம்பெனி எனக் கைமாறியது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் பகுதி கம்பெனிக்குச் சேர்ந்தது. 1772இல் காளையார்கோயில் போரில் கணவரை இழந்த வேலுநாச்சியார் அடைக்கலம் பெற்றது பழனிக்கு அருகிலுள்ள விருப்பாட்சியில். 1780இல் சிவகங்கையை மீட்பதற்கு அவர் ஐதர் அலியின் உதவியைப் பெற்றதும் இப்பகுதியோடு தொடர்புடையது. கம்பெனிக்கு எதிராகக் கூட்டமைப்பை உருவாக்கிய விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார்.

ஆயினும் இவ்வட்டார வாசகர் ஒருவரிடம் கடாரம் எங்குள்ளது என்று கேட்டால் கூறிவிடுவார். விருப்பாட்சியில் நடந்தது என்னவென்று கேட்டால் தயங்குவார். பெருவழக்கான தொடர்கதைகள் சோழ, பல்லவ, பாண்டிய அரண்மனைகளையே மிகுதியும் களமாகக் கொண்டதன் விளைவு இது. வாசகர் தம் வீரத்தைத் தொலைவிலிருந்து பெற்றார். காலடியிலிருந்த வரலாறு அவருக்குக் கதையாகக் கிட்டவில்லை. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் வரலாற்றைக் காவலும் களவும் சார்ந்த மக்களின் பக்கமிருந்து சொல்லி, 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. அத்தகைய நூல்களைத் தென் மாவட்ட வாசகர் எதிர்கொண்ட விதம் வேறு. அங்குப் பெருமிதத்தோடு, ‘எங்கள் பாட்டனைப் பற்றி எழுதியிருக்கிறார்களே’ என்னும் திகைப்பும், ‘இப்படியா எழுதுவது’ என்னும் சினமும் கலந்திருந்தன. தொலைவிலுள்ள அரசன் யாரையும் புண்படுத்துவதில்லை. அருகிலுள்ள முன்னோர் புண்படுத்தக்கூடும். இவ்வேறுபாட்டை விளக்கும் தரவு வாசகரிடமே உள்ளது.

எழக்கூடிய மறுப்புகள்

வாசகர் எதிர்வினை தனிமனிதர் சார்ந்தது, நிலையற்றது, ஆய்வு நெறிக்கு உட்படாதது என்று மறுப்புரைக்கலாம். இதற்கு இரு விடைகள் உண்டு. முதலாவது, உலக ஆய்வுலகம் இத்தடையை எப்போதோ கடந்துவிட்டது. ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967இல் இலக்கிய வரலாற்றை வாசகரின் எதிர்பார்ப்பு எல்லையிலிருந்து எழுத வேண்டும் என்றார். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஊர் ஒன்றில் காதல் புதினம் படிக்கும் பெண்களை நேரில் கண்டு, அவர்கள் என்ன படித்தனர், ஏன் படித்தனர் என்று கேட்டறிந்தார். அறிஞர்கள் தாழ்வாக மதித்த நூல்வகையில் அப்பெண்கள் தம் அன்றாட வாழ்வு பற்றிய சிந்தனையைக் கண்டிருந்தனர். ஓர் ஊர், ஒரு நூல்வகை, ஒரு வாசகர் குழு என்னும் அச்சிறு எல்லை அவ்வாய்வின் வலிமையாயிற்று.

இரண்டாவது, நினைவு பிழைபடும் என்பது உண்மை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்ததை ஒருவர் மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் அம்மாற்றமே தரவு. இல்லாத காட்சியை நூலில் இருந்ததாக வாசகர் உறுதியாகக் கூறும்போது, நூல் தராத எதை அவர் வேண்டினார் என்பது வெளிப்படுகிறது. வாய்மொழி வழக்காற்றை ஆயும் நாட்டார் வழக்காற்றியலுக்கு இது புதிதன்று. கதைப்பாடலின் வேறுபாடங்களை மதிக்கும் நாம், புதின வாசகரின் வேறுபாடங்களையும் மதிக்கலாம்.

செய்யத்தக்கவை

காலம் இங்கு முக்கியம். வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டடம் செய்து வைத்திருந்த தலைமுறை முதுமையின் எல்லையில் உள்ளது. அக்கட்டடத் தொகுதிகளில் மணியம், லதா முதலியோரின் ஓவியங்கள் உள்ளன. அக்கால விளம்பரங்கள் உள்ளன. கைமாறிப் படித்தவர்களின் பெயர்களும் ஓரக் குறிப்புகளும் உள்ளன. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாகி மலிவுப் பதிப்புகள் பெருகிய பின்னர், பழைய தொகுதிகள் இடத்தை அடைக்கும் தாளாகவே வீடுகளில் பார்க்கப்படுகின்றன. வீடு மாற்றும்போது அவை எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் சேர்த்த தாள்களே இன்று சென்னையில் ஆய்வாளர் நாடும் நூலகமாக உயர்ந்திருக்கின்றன. சேர்க்கப்படாமற் போனவற்றின் அளவை நாம் ஊகிக்கவே முடியும்.

ஆகவே தமிழ்த்துறைகள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவதாக, முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் வரலாற்றுப் புதினம் படித்த முதியவர் இருவரின் வாசிப்பு நினைவை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்குதலைப் பயிற்சித் தாளின் பகுதியாக்கலாம். ‘பிடித்ததா?’ என்னும் வினாவால் பயனில்லை. எங்கே படிப்பை நிறுத்தினீர்கள், எப்பகுதியைத் தாண்டிச் சென்றீர்கள், யாருக்காக வருந்தினீர்கள், யாரோடு வாதிட்டீர்கள், பிள்ளைகளுக்கு எம்மாந்தரின் பெயரை வைத்தீர்கள் என்பனவே கேட்கத்தக்கன.

இரண்டாவதாக, கிளை நூலகங்களிலும் வீடுகளிலும் உள்ள கட்டடத் தொகுதிகளின் ஓரக் குறிப்புகளை, உரியவர் இசைவுடன், ஒளிப்படமாக்கிப் பட்டியலிடலாம். மூன்றாவதாக, 2022, 2023 ஆண்டுகளில் வெளியான ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் வழியாகப் புதினத்துக்கு வந்த இளையோரின் எதிர்வினையை முதியோரின் எதிர்வினையோடு ஒப்பிடலாம். போரை நேரில் கண்டு இடம்பெயர்ந்து, தமிழகத்து முகாம்களில் வாழும் ஈழத் தமிழ் வாசகர்களின் எதிர்வினை இவ்வொப்பீட்டில் தவறாது இடம்பெற வேண்டும். நூலில் ஈழப் படையெடுப்பைப் படிக்கும் அவர்களின் உள்ளத்தை, போரறியாத நம் பெருமிதத்தைக் கொண்டு அளந்துவிட இயலாது.

நிறைவுரை

வரலாற்றுப் புதினம் உண்மை வரலாறா என்னும் வினாவோடு நம் ஆய்வு நெடுங்காலம் நின்றுவிட்டது. அவ்வினாவுக்குக் கல்வெட்டுகள் விடைகூறும். அப்புதினத்தைக் கொண்டு தமிழர் தம்மைப் பற்றியும் போரைப் பற்றியும் என்ன எண்ணினர் என்னும் வினாவுக்குக் கல்வெட்டில் விடையில்லை, வாசகரிடமே உண்டு. அவ்விடைகளுள் பெருமிதமும் இருக்கும், சாதிச் செருக்கும் இருக்கும், நீருக்கான ஏக்கமும் இருக்கும், படைவீரன் வீட்டுக் கஞ்சியைப் பற்றிய கவலையும் இருக்கும். இவற்றுள் எது மிகுதி என்பதை இன்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஏனெனில் எவரும் கேட்கவில்லை. குஜிலியம்பாறை போன்ற ஊர்களில் கேட்கத் தொடங்கினால், தமிழ்ப் புதின வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஓர் இயல் எழுதப்படும். சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பர்.